முதலில் செருப்பைப் பார்

"அக்கா, காயப் பராமரிப்பு சர்டிபிகேட் படிச்சா சம்பளம் ஏறுமா?"

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டாள் ஒரு ஜூனியர் நர்ஸ். சீழைப் பற்றிப் பேசிக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவது எங்கள் தொழிலில்தான் முடியும். அவள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருடம் ஆகிறது. ஐசியூவில் டியூட்டி. கல்விக் கடன் பாதி நிற்கிறது, தங்கை கல்லூரியில் படிக்கிறாள். வேறெந்தக் கேள்வியை முதலில் கேட்பாள்?

"உடனே ஏறாது" என்றேன்.

"அப்ப நீங்க எதுக்குக்கா படிச்சீங்க?"

வாயில் சோறு இருந்ததால் அன்றைக்குத் தப்பித்தேன்.

நான் டிப்ளமோ முடித்து சர்ஜிகல் வார்டில் சேர்ந்த காலத்தில் டிரெஸ்ஸிங்கை ஒரு வித்தையாக யாரும் எண்ணியதில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். ட்ராலியில் ஹைட்ரஜன் பெராக்சைடு, பெட்டாடின், காஸ், ரோலர் பேண்டேஜ். பெராக்சைடு ஊற்றினால் புண் நுரைத்துப் பொங்கும். பொங்கப் பொங்க அழுக்கு போகிறது என்று நம்பினோம். நேற்று வைத்த காஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டிக் கிடக்கும். பிடித்து இழுப்போம். ரத்தம் கசியும். "ரத்தம் வருதா? நல்ல புண்ணுடி" என்பார் சீனியர் சிஸ்டர். ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்த ஒரு தாத்தா, ட்ராலிச் சக்கரம் கிறீச்சிடும் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். ஊசிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அவர் பயந்தது எனக்குத்தான் என்பது உறைக்கப் பல வருடம் ஆனது.

நாங்கள் பிய்த்தெடுத்தது அழுக்கை அல்ல, முந்தின இரவு முளைத்த புதுச் சதையை. ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-இலேயே இதைப் பன்றிகளின் தோலில் செய்து பார்த்து 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார். பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்ட காயங்களில், காற்றாட விட்ட காயங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் மேல்தோல் படர்ந்தது. அந்தச் செய்தி எங்கள் வார்டு வாசலுக்கு வர நாற்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. இத்தனை படித்த பிறகும், என் மகன் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தபோது "காத்தாட விடுடா" என்று என் வாயே சொன்னது. அம்மா சொன்னது அவ்வளவு சீக்கிரம் போகாது.

ஏலச் சீட்டை ஆயிரக்கணக்கில் தள்ளி எடுத்து அந்தக் காயப் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தேன். முதல் செய்முறை வகுப்பில் நோயாளி யாரும் இல்லை. ஆசிரியர் மேசைமேல் ஒரு ஜோடிப் பழைய ரப்பர் செருப்பை வைத்தார். "இந்த ஆளுக்குப் புண் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தோம். வலது செருப்பில் கட்டைவிரலின் அடிப்பகுதி பதியும் இடம் மட்டும் தாள் மாதிரித் தேய்ந்திருந்தது. இடது செருப்பின் குதிகாலில், அடியிலிருந்து மேலே எட்டிப் பார்த்தது ஒரு ஆணியின் முனை. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது. அந்த ஆள் மாதக்கணக்கில் அதன்மேல் நடந்திருக்கிறார். வலி இருந்தால் அல்லவா கழற்றிப் பார்ப்பார்?

இந்தப் பாடத்தின் வேர் நம் மண்ணில் இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களை வருடக்கணக்கில் கவனித்தார். சதை தானாக அழுகி உதிர்கிறது என்றுதான் அதுவரை பெரும்பாலோர் எண்ணியிருந்தார்கள். அப்படியல்ல, உணர்ச்சி செத்துப் போனதால் கல்லும் முள்ளும் சூடும் தெரியாமல் அவர்களே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று அவர் காட்டினார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் பாதத்தைத் துளைக்கிறது. மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்புகள் அந்தப் புரிதலில் பிறந்தவை. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மையம் அந்த வேலையைத் தொடர்ந்தது. 1960களின் நடுவில் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்துதான் இந்த அறிவு, உணர்ச்சி மரத்துப்போன சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்குப் பரவியது. இன்று அதையே அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் டாலர் கட்டிப் படிக்கிறோம். எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது. மதுரைப் பக்கம் வேலை செய்யும் எனக்கு அந்த எண்ணைவிடச் சித்திரை மாதம் நன்றாகப் புரியும். திருவிழா முடிந்த வாரம் பாதம் பொத்துப்போய் வருவார்கள். உச்சி வெயிலில் பிரகாரக் கல்லில் மூன்று சுற்று வந்திருப்பார்கள். "சுடவே இல்லையே சிஸ்டர், சாமிதான் காப்பாத்துச்சுன்னு நெனச்சேன்" என்றார் ஒரு அம்மா. பத்து கிராம் மோனோஃபிலமென்ட் என்று எங்களிடம் ஒரு சின்னக் கருவி உண்டு. தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை. பாதத்தில் வைத்து அது வளையும் வரை அழுத்தினால் பத்து கிராம் அழுத்தம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு அழுத்தினேன். "ஆரம்பிங்க சிஸ்டர்" என்றார். நான் ஏழு இடம் முடித்திருந்தேன்.

டிரெஸ்ஸிங் பிரிக்கும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும். கட்டு எந்தப் பக்கம் நனைந்திருக்கிறது? நோயாளி எந்தக் காலை ஊன்றி வந்தார்? பிரித்தவுடன் முகர வேண்டும். புதிதாக வரும் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்; நான் விடச் சொல்வேன். சூடோமோனாஸ் வந்தால் காஸில் பச்சை தெரியும், அழுகிய பழம் போல இனிப்பு கலந்த வாடை அடிக்கும். காற்றில்லாமல் வாழும் கிருமி என்றால் வேறு நாற்றம், அதை எழுத்தில் சொல்ல முடியாது. ஒரு முறை மூக்கில் ஏறினால் போதும். பிறகு அளவு. தலை பக்கம் பன்னிரண்டு மணி, கால் பக்கம் ஆறு மணி என்று கடிகாரமாக வைத்துக்கொண்டு நீளம், அகலம், ஆழம். ஓரத்துக்கு அடியில் குடைந்துபோயிருந்தால் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எத்தனை சென்டிமீட்டர். சுத்தமான உலோகக் குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, 'டொக்' என்று எலும்பு தட்டினால் அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

அளந்து எழுதுவதை எழுத்தர் வேலை என்று நினைக்கிறார்கள். சர்க்கரைப் புண் நான்கு வாரத்தில் பாதியாகவாவது சுருங்காவிட்டால், இப்போது செய்யும் வைத்தியத்தில் அது ஆறும் வாய்ப்பு குறைவு. எண் எழுதாதவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? "பரவால்ல, குறைஞ்சிருக்கு" என்று ஏழு மாதம் ஒரே புண்ணுக்குக் கட்டுப் போட்ட கேஸ் ஷீட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளின் வைத்தியமும் கட்டுக்குள் இருக்கும். காபித்தூள், மஞ்சள், புழு வைத்தால் டர்பன்டைன். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று பத்தியம். புரதம் இல்லாமல் சதை எங்கிருந்து வளரும்? திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். "மஞ்சள் சாப்பாட்டில் போடுங்கம்மா, முட்டை தாத்தாவுக்குக் கொடுங்க, ரெண்டும் இடம் மாறிடுச்சு" என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். சான்றிதழ் வாங்கிய புதிது. கணுக்காலுக்கு மேல் புண், கால் வீக்கம், கருத்த தோல். நரம்புச் சுருட்டல் புண் என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டேன். அதற்கு அழுத்தக் கட்டுதான் வைத்தியம். ஓய்வுபெற்ற வாத்தியார் அவர். வகுப்பில் கற்ற அழகோடு கட்டு கட்டி அனுப்பினேன், படம்கூட எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடிகாலை அவர் மனைவி போன் செய்தார். "விரலெல்லாம் நாவப்பழம் மாதிரி இருக்கும்மா." கத்தரிக்கோலால் உடனே வெட்டச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். நல்லவேளை, நிறம் திரும்பியது. அவருக்குச் சிரை மட்டும் கெடவில்லை, தமனியிலும் அடைப்பு. கட்டுவதற்கு முன் டாப்ளர் வைத்துக் கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் கை ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்த விகிதம் 0.5-க்குக் கீழே போனால் அழுத்தக் கட்டை நினைத்தே பார்க்கக் கூடாது. பாடம் தெரியும், பரீட்சையில் எழுதினேன். எங்களிடம் டாப்ளர் இல்லை. கேட்டு வாங்கும் துணிவும் எனக்கில்லை. அடுத்த மாதம் சொந்தக் காசில் கைக்கடக்கமான ஒன்று வாங்கினேன். அன்றிலிருந்து அது என் பையிலேயே இருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் அதுவும் ஏமாற்றும்: தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகினால் விகிதம் 1.3-ஐத் தாண்டும். ஓட்டம் பிரமாதம் என்று அதற்கு அர்த்தமில்லை.

அந்தப் படத்தை அழித்துவிட்டேன். வாத்தியார் மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்வார்.

சரி, அந்தப் பெண் கேட்ட சம்பளம். சான்றிதழ் வந்த மாதம் என் சம்பளச் சீட்டில் ஒரு பைசா மாறவில்லை. எட்டு மாதம் கழித்து 'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று 1,500 ரூபாய் சேர்ந்தது. ஏன் இப்படி என்று பல வருடம் புலம்பியிருக்கிறேன். காரணம் பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல், மருத்துவமனைக்குள் வந்த பிறகு உண்டான மூன்றாம், நான்காம் கட்டப் படுக்கைப் புண்ணுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு கூடுதல் பணம் தருவதில்லை. புண் வந்தால் நஷ்டம் மருத்துவமனைக்கு. அதனால் அதைத் தடுக்கும் நர்ஸுக்கு அங்கே விலை உண்டு. நம் ஊரில் அந்த நஷ்டத்தைச் சுமப்பது நோயாளியின் குடும்பம். பில்லில் இன்னொரு வரி கூடும், அவ்வளவுதான். தடுத்தவளுக்கு யார் எதற்குச் சம்பளம் ஏற்றுவார்கள்?

கொஞ்சம் மாறுகிறது. மருத்துவமனைத் தரத்துக்கான என்ஏபிஎச் அங்கீகாரம் வேண்டுமென்றால் படுக்கைப் புண் கணக்கைக் காட்ட வேண்டும். கணக்கு கேட்டதும் அதை எடுக்கத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். சென்னை ராயபுரம் எம்.வி. மருத்துவமனை மாதிரி சர்க்கரை நோய்க்கென்றே இருக்கும் இடங்களில் பாதப் பராமரிப்பு தனிப் பிரிவாகவே வளர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் ஃபுட் கிளினிக் போர்டுகள் முளைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போகும் நோய்த்தணிப்பு நர்ஸ்கள் இருக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் முதுகைப் புரட்டிப் பார்ப்பதில்தான் அவர்கள் நாள் தொடங்கும். பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டுக்குப் போய் டிரெஸ்ஸிங் செய்யும் வேலை இப்போது நிறைய. என் தோழி ஒருத்தி மருத்துவமனையை விட்டுவிட்டு ஸ்கூட்டியில் அதையே செய்கிறாள். என்னைவிட நன்றாகச் சம்பாதிக்கிறாள். ஆனால் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானமில்லை.

டிரெஸ்ஸிங் பொருள் விற்கும் கம்பெனிகளும் கூப்பிடும். சம்பளம், கார், விமான டிக்கெட். போனவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களிடமிருந்துதான் நுரைக்கட்டு பற்றியும் உறிஞ்சுக் கருவி பற்றியும் கற்றேன். ஒரே ஒரு சங்கடம்: பத்து ரூபாய் சலைனும் காஸும் போதும் என்று தெரிந்த இடத்திலும் தொள்ளாயிரம் ரூபாய்ப் பொருளைக் காட்ட வேண்டியிருக்கும். எனக்கு அது வராது.

வெளிநாடு போக நினைப்பவளுக்கு வேறு கணக்கு. இங்கிலாந்தில் புது நர்ஸுக்குச் சம்பளப் படிநிலை பேண்ட் 5. இதே வேலையைச் செய்யும் 'டிஷ்யூ வயபிலிட்டி நர்ஸ்' பேண்ட் 6 அல்லது 7. அமெரிக்காவில் இந்தத் துறை தொடங்கிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிளீவ்லாண்டில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல்லிடம் குடல் அறுவை செய்துகொண்டு, வயிற்றில் பையோடு வாழ்ந்த நோயாளி நோர்மா கில். அவர் நர்ஸ் அல்ல. தன் பையைச் சமாளிக்கக் கற்றவர், 1958 முதல் மற்ற நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பின்னால் அதுவே பள்ளியானது, அந்தப் பள்ளியிலிருந்து ஒரு துறையே வந்தது. அங்கே புண், வயிற்றுப் பை பராமரிப்புக்குச் சான்றளிக்கும் டபிள்யூஓசி வாரியத்தின் தேர்வு எழுத பி.எஸ்சி. தகுதி வேண்டும்; டிப்ளமோ மட்டும் போதாது. நான் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடிக்கப் பட்ட பாடு தனிக் கதை. அங்கீகாரம் பெற்ற படிப்பு படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருடத்தில் 1,500 மணி நேரம் புண்களோடு வேலை செய்த அனுபவமும் தொடர்கல்வியும் காட்ட வேண்டும். வாங்கிய பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். எனக்கு அந்த 1,500 மணி நேரம் பிடித்திருக்கிறது. இங்கே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஜூமில் உட்கார்ந்தால் தங்க எழுத்தில் சான்றிதழ் வருகிறது. சேர்வதற்கு முன் ஒன்றே ஒன்று கேள்: எத்தனை நோயாளிகளின் காலைப் பிடிக்க வைப்பீர்கள், பக்கத்தில் யார் நிற்பார்கள்? பதில் சுற்றி வளைத்து வந்தால் பணத்தைக் கல்விக் கடனுக்குக் கட்டிவிடு. மும்பை டாடா மெமோரியல் மாதிரி ஸ்டோமா (வயிற்றுப் பை) நர்ஸ்களை வார்டில் நிற்க வைத்தே பழக்கும் இடங்கள் நம் நாட்டிலும் உண்டு.

நான் எதற்குப் படித்தேன் என்று கேட்டாளே, அதற்கு வருகிறேன். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் மாத்திரைக்கு மில்லிகிராம் வரை எழுதியிருக்கும். புண்ணுக்கு மட்டும் 'டெய்லி டிரெஸ்ஸிங்' என்று இரண்டே வார்த்தை. எதால் கழுவுவது, எதை வைப்பது, தினமும் பிரிக்கத்தான் வேண்டுமா என்று ஒன்றுமே இருக்காது. எங்கள் தொழிலில் மற்ற எல்லாம் யாரோ எழுதி நாங்கள் செய்வது. இந்த ஒரு இடத்தில் மட்டும் தாள் காலியாக இருக்கிறது. படிப்பதற்கு முன் அந்த வெற்றிடத்தைப் பழக்கத்தால் நிரப்பினேன். இப்போது காரணம் சொல்லி நிரப்புகிறேன், "தினமும் வேண்டாம் சார், மூன்று நாளைக்கு ஒரு முறை போதும், ஏனென்றால்..." என்று. முதலில் சர்ஜன் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் வருடம் ரவுண்ட்ஸில் என்னைத் தேடினார். எல்லை தெரிய வேண்டும். அனுமதியில்லாமல் பிளேடை எடுப்பதற்குச் சான்றிதழ் லைசென்ஸ் இல்லை.

ஆற்ற முடியாத புண்ணுக்கும் இதில் இடம் இருக்கிறது. மார்பில் புற்றுநோய் வெடித்த ஒரு பாட்டி. நாற்றத்தால் வீட்டில் பின்கட்டில் கட்டில் போட்டிருந்தார்கள். டாக்டரிடம் கேட்டு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, ஒட்டாத வலை வைத்துக் கட்டினேன். நான்காம் நாள் போனபோது பேரன் அதே கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டி ஐந்து வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். புண் ஒரு மில்லிமீட்டர்கூடச் சுருங்கவில்லை; நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் படிப்பில் சேர்ந்துவிட்டாள். என்னிடமிருந்த பழைய டாப்ளரைக் கடனாகக் கொண்டுபோயிருக்கிறாள், பேட்டரி அவள் செலவு. இப்போது சேலத்தில் ஒரு சின்ன மருத்துவமனை. சம்பளம் இங்கே வாங்கியதைவிட இரண்டாயிரம் கூட. போன வியாழன் ராத்திரி போன் செய்தாள்.

"அக்கா, ஒரு பாதப் புண்ணு. டாப்ளர்ல 1.4 வந்துச்சு. நல்ல ஓட்டம்னு எழுதிட்டேன்."

நான் பேசாமல் இருந்தேன்.

"எழுதிட்டு, செருப்பைப் பார்க்கலாம்னு குனிஞ்சேன். கால்ல கை பட்டுச்சு. ஐஸ் மாதிரி சில்லுன்னு இருந்துச்சுக்கா. எழுதினதை ஒரு கோடு போட்டு அடிச்சு, கையெழுத்துப் போட்டு, டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன்."

"வந்தாரா?"

"வந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்தார், காலைத் தொட்டுப் பார்த்தார். வாஸ்குலர் சர்ஜனுக்கு அனுப்பிடலாமா சிஸ்டர்னு என்கிட்ட கேட்டாருக்கா."